கட்டிலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நலமா என்று கேட்டுவிட்டு நிதானமாக ஊர்க்கதை பேச இன்று எனக்குப் பொறுமையில்லை. உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நினைவு இருக்கிறது, பேசுகிறார், என்னைத் திட்டவும் செய்கிறார். அதனால் பதறாமல் கடைசி வரை படியுங்கள். உங்கள் கம்பெனி ஆபீசில் இருப்பவர் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து இன்றே கப்பலுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெரிய குழாய் உடைந்து நம் பகுதிக்குத் தண்ணீர் நின்று வாரக்கணக்கில் ஆகிறது. தெரு முழுக்கப் பள்ளம். தண்ணீர் ஆபீசில் கேட்டால் நாளைக்கு வந்துவிடும் என்பார்கள். அந்த நாளை மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. லாரி வந்தால் தெருவே குடமும் வாளியுமாக ஓடும். எதிர்வீட்டு டீச்சரும் மாடிவீட்டு டெய்லரும் ஒரு வாளித் தண்ணீருக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நம் வீட்டுக்கு மட்டும் அந்த ஓட்டம் இல்லை. அந்தப் பெருமை உங்களுக்குத்தான். கீழே தொட்டி, மாடியில் டேங்க், சமையலறையில் மூடி போட்ட டிரம், குடிக்கத் தனி கேன் என்று எல்லாம் செய்து வைத்துவிட்டுத்தானே போனீர்கள். கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நான் வர்ற வரைக்கும் தொட்டி தீராம பாத்துக்குங்கப்பா" என்றீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ரயிலில் கார்டாக இருந்தவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? தண்ணீர் நின்ற அன்றே தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். தினமும் காலையில் ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். குடிக்க எனக்கு, குழந்தைக்கு, அவருக்கு என்று ஆளுக்கு இவ்வளவு பாட்டிலில் அவரே ஊற்றி வைப்பார். நான் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டால் வாசலிலிருந்தே விசில் வரும். வீட்டுக்குள்ளேயே ரேஷன் கடை வைத்துவிட்டீர்களே மாமா என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டார்.

அப்புறம் டீ வேண்டாம் என்றார், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். உதடு வெடித்திருந்தது, வெயில்தான் காரணம் என்றார். பாத்ரூம் பக்கம் அவர் போவதே குறைந்துவிட்டதை நான் கவனித்தேன். ஆனால் மருமகள் மாமனாரிடம் அதையா கேட்க முடியும்? கேட்காமல் விட்டேன். போன வாரம் ஒரு மத்தியானம் என்னையே யார் என்று தெரியாமல் பார்த்து, "பையன் வந்துட்டானா?" என்று கேட்டார். மறுநாள் காலை தொட்டியின் ஓரத்தில் குச்சியும் கையுமாக விழுந்து கிடந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வீட்டில் குடிக்கத் தண்ணீரே இல்லையா என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்? உடம்பில் தண்ணீர் வற்றி சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறதாம். சீக்கிரம் தேறாவிட்டால் மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்கிறாள்.

அவருக்குப் போர்வை எடுக்க வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கு அடியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர், கழுத்து வரை நிரப்பி, வரிசையாக. எல்லாம் அவருடைய பங்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய், ஏன் மாமா இப்படிச் செய்தீர்கள் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். "அவன் வருவான்லம்மா. உப்புக் காத்துல கெடந்து வர்ற புள்ள, வந்ததும் தலைக்கு ஊத்திக்க வேணாமா? அதுக்குன்னு தொட்டியில கைவைக்க முடியுமா, வீட்ல கொழந்த இருக்கே" என்றார். சொல்லிவிட்டு, கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்து, "இத கொஞ்சம் மெதுவா விடச் சொல்லு, வேகமா தீருது" என்கிறார். நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதைக்கு ஊருக்கு வராமல் கப்பலில் இன்னொரு சுற்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக நீங்கள் எழுதிய கடிதம் என் கைப்பையில்தான் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. நீங்கள் இந்த மாதமே வந்துவிடுவீர்கள் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கையில் ஏறுவது மட்டும் போதாது, வாயாலும் குடிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு உதட்டை மூடிக்கொள்கிறார். நான் சொன்னால் கேட்கவில்லை, டாக்டர் சொன்னாலும் கேட்கவில்லை. கேப்டன் காலில் விழுந்தாவது இன்றே ஒரு போன் போடுங்கள். நானே போனை அவர் காதில் வைக்கிறேன். "அப்பா, தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எப்போது வருவாய் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் கலங்கலாக வரும், தொட்டிக்குள் விடாதே என்று நீங்கள் சொன்னபடியே தெளியும் வரை வெளியே ஓடவிட்டேன். பழசாகிவிட்டதே என்று அந்தப் பாட்டில்களையும் கொட்டிவிடக் குனிந்தேன். கை போகவில்லை.

கடல் உங்களிடம் அமைதியாக நடந்துகொள்ளட்டும். குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் காத்திருப்பவள்