உன் கிட்டாரில் என் துரு

என் உயிருக்குயிரான சூசை மச்சான்,

உன் பெயரில் துரு ஏற்றிவிட்டார்கள். ஏற்றச் சொன்னவன் உன்னோடு டிரம் அடித்த ரிச்சர்ட். ஏற்றிய கை என்னுடையது. அங்கே புதிதாக வந்து சேருகிறவர்கள் யாராவது திரித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

நீ கண்ணை மூடிய பிறகு நான் ஒரு வேலை பிடித்துக்கொண்டேன். புதுக் கிட்டாரின் இரும்புச் சாமான்களைப் பழசாக்கித் தருகிற வேலை. சிரிக்காதே. சிங்கப்பூரிலிருந்துகூட ஆட்கள் தேடி வருகிறார்கள். கம்பி முறுக்கும் காது, கம்பியைத் தாங்கும் பாலம், திருகாணி எல்லாம் பளபளவென்று கொண்டுவந்து, பல வருடம் மேடை ஏறியதுபோல ஆக்கித் தரச் சொல்கிறார்கள்.

மூடியுள்ள டப்பாவில் வினிகரையும் உப்பையும் கலந்து வைத்து, அதன் மேல் ஒவ்வொன்றையும் நூலில் கட்டித் தொங்கவிடுவேன். முக்கினால் கெட்டது. ஆவி மட்டும்தான் பட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டப்பா டப்பாவாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வீடெல்லாம் புளித்த வாடை. "நீங்க ஊறுகா போடுறீங்களான்னு பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் கேக்குறாங்க" என்று உன் தங்கச்சி மேரி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் ஒரு நியதி வைத்திருக்கிறேன். திருகாணியின் தலைக்குத்தான் துரு. மரத்துக்குள் இறங்குகிற தண்டில் மெழுகு தடவிவிடுவேன், அங்கே ஆவி ஏறாது. வெளியே கிழடு, உள்ளே புதுசு. பின்னால் யார் கழற்றினாலும் உண்மை தெரிந்துவிடும். அலங்காரம் செய்து தருவேன், ஏமாற்றுக்குத் துணை போகமாட்டேன்.

மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உன் தலைமாட்டில் நாங்கள் ஏற்றும் மெழுகுவத்திகளின் அடிக்கட்டை. குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். இத்தனை வருடமாக என் திருகாணிகள் எல்லாவற்றிலும் உன் மெழுகுதான்.

சில மாதங்களுக்கு முன்பு ரிச்சர்ட் ஒரு பிஸ்கட் டின்னில் சாமான்களைக் கொண்டுவந்தான். யாரோ வாடிக்கையாளருக்கு என்றான். கிட்டாரை அவன் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காதது என் தப்பு. அந்தத் தப்பு எனக்கு இருக்கட்டும்.

போன மாதம் ஜொகூர் பாருவில் அவனுடைய சாப்பாட்டுக் கடைக்கு மேரியும் நானும் போயிருந்தோம். உன் கிட்டாரை அங்கே மாட்டிவைக்கிறேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று மேரியிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தானே, அதைப் பார்க்கத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே உன் படம், உன் பெயர். பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம், "பாரு, வேர்வையிலயே இரும்பு அரிச்சிருக்கு, என்னமா உழைச்சிருக்காரு" என்று உருகினார்.

மேரி என் கையைப் பிடித்தாள். "அண்ணன் கிட்டார் துரு புடிக்காதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நம் ஊர் பண்டார் தெங்காராவின் மழையிலும் புழுக்கத்திலும் ஒரு திருகாணியைக்கூட நீ துருப்பிடிக்க விட்டதில்லை. வாசித்து முடித்ததும் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தின் கிழிசலில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொரு காதாகத் துடைப்பாய். "துருங்கிறது இரும்போட வயசு இல்ல மச்சான், ஆளோட சோம்பேறித்தனம்" என்பாய். அந்த உன்னை எல்லோரும் பார்க்கச் சோம்பேறியாக்கி மாட்டி வைத்திருக்கிறான்.

அந்தத் துருவை நான் அடையாளம் கண்டுகொண்டேன். என் டப்பாவில் விளைந்தது.

சமையற்கட்டுப் பக்கம் அவனை இழுத்துப்போய்க் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை. உன் கிட்டாரை அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஒருவருக்கு விற்றுவிட்டானாம். அதே மாதிரி இன்னொன்றை வாங்கி, என் சாமான்களைப் பூட்டிவிட்டானாம்.

"அண்ணே, ஜனங்களுக்குப் பழசுன்னா துரு வேணும் லா. சூசையோடது பளபளன்னு இருந்துச்சு. அத வச்சா யாரு நம்புவா?"

கேட்டாயா, மச்சான்? உன்னுடைய நிஜம் பொய்போல இருந்ததாம்.

ஊரைக் கூட்டிச் சொல்வேன் என்றேன். "சொல்லுங்க. துரு யாரு வேலைன்னு கேப்பாங்க. அப்புறம் உங்ககிட்ட யாரு வருவா?" என்று சிரித்தான்.

பயந்துவிடுவேன் என்று நினைத்தானா? என் பெயர் கெடட்டும். கெடுத்தே கற்றுக்கொண்டவன் நான். உன் பெயர் கெடக் கூடாது.

இந்தக் கல்லறைத் திருநாளில் பூசை முடிந்ததும் அந்தக் கிட்டாரை உன் கல்லறைக்குக் கொண்டுவந்து மரியாதை செய்யப்போவதாக அவனே கோயிலில் அறிவித்திருக்கிறான். நல்லது. ஊரறியச் சொல்லிவிட்டான், இனி பின்வாங்க முடியாது. அவனே தூக்கி வரட்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நான் திருப்புளியோடு வருவேன். எல்லோர் முன்னாலும் அதன் முதுகிலிருந்து ஒரு திருகாணியை, ஒன்றே ஒன்றை, கழற்றி வெயிலில் தூக்கிப் பிடிப்பேன். தண்டு மினுங்கும். மேரி அதை நகத்தால் சுரண்டி மெழுகை எடுத்துக் காட்டுவாள். அது யாருடைய மெழுகு என்று, இதைப் படித்திருக்கும் ரிச்சர்ட் தன் வாயாலேயே கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து உன் பெயரை அவன் கையாலேயே பிய்க்க வேண்டும். உன் கிட்டார் யாரிடம் இருக்கிறது என்று சொல்லி, போய்க் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கி வர வேண்டும். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பவர் இதைப் படித்தால், கிட்டாரைத் திருப்பித் தரும் வரை தினமும் துடைத்து வைக்க வேண்டும். உன் சாரத்தின் கிழிசலை மேரி பத்திரமாக வைத்திருக்கிறாள். கிட்டார் வந்ததும் துடைக்க வேண்டியது அவள். நீ அசையாமல் படுத்திரு. அவன் குரல் நடுங்குகிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அதுவரை என் டப்பாவைத் திறக்கமாட்டேன், இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உனக்காக எவனையும் விடாத மச்சான்