தம்பியின் கம்ப்யூட்டரில் ஒரு புதுச் சொல்

என்னங்க,

ஷிப்ட் முடிந்து வந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு ஊட்டிவிட்டேன். நாலு மணிக்கு அவருக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவர் வருவார்.

வாய் பேச முடியாத தம்பிக்காக நீங்கள் நம் கல்யாணத்துக்கு முன்பே எழுதிய, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் புரோகிராம், நான் வாங்கச் சொன்ன புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. "உன் பேச்சைக் கேட்டு அவன் வாயை அடைச்சிட்டேன்" என்று கத்தினீர்கள். மூன்று நாளாக அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

நேற்று அரை நாள் லீவு போட்டேன். "புது மெஷினுக்குள்ளயே பழைய மெஷின் மாதிரி ஒண்ணை ஓட வைக்கலாம்க்கா" என்று ஆபீஸ் டெக்னீஷியன் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். ஓடியது, ஆனால் தலைதெறிக்க! படங்கள் பறந்தன, தம்பியால் ஒன்றையும் தொட முடியவில்லை. அவர் விரலுக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைத்தேன்.

நீங்கள் புரோகிராம் எழுதும் பழைய சாஃப்ட்வேரும் திறந்தது. சொற்பட்டியலில் இத்தனை வருடமாக 'அண்ணி' இல்லை. நானே சேர்த்தேன்.

தம்பி முதலில் அதைத்தான் தொட்டார். யோசித்து, இன்னும் இரண்டைத் தொட்டார். மெஷின் சொன்னது: "அண்ணி. அண்ணன். பாவம்."

சிரித்துவிட்டேன். என் கோபம் போய்விட்டது. சாயங்காலம் பேசலாம்.

பி.கு: நான் செய்ததில் தப்பு இருந்தால் திருத்துங்கள். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.