ஜன்னலுக்குக் கீழே கிழவன்

செப்டம்பர் 4, வியாழன்

என் பேசினைக் காணோம். காலையில் பல் தேய்த்து, முகம் கழுவி, பேசின் தண்ணீரை ஜன்னல் வழியாகச் சரிவில் வீசுவது என் வழக்கம். அதில் ஒரு சுகம் உண்டு, கீழே பூனை படுத்திருந்தால் இரண்டு சுகம். இன்று கட்டிலுக்கடியில் கையை விட்டால் வெறும் தரை. மகளைக் கேட்டேன். ஓட்டையாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள். நேற்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஓட்டை பேசினில் இல்லை, பேச்சில்.

இனிமேல் குளியலறைக்கு நடந்து போய்த்தான் முகம் கழுவ வேண்டுமாம். கால் வலிக்கு நல்லதாம். என் காலைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மாப்பிள்ளை என் அறை பீரோவைத் தள்ளி ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி வைத்தார். காற்றோட்டத்துக்காம். சட்டை மாட்ட ஒரு ஆணி அடிக்கவே மூன்று வாரம் யோசிக்கிற மனுஷன், கேட்காமலே பீரோ தள்ளுகிறார். "மாப்பிள்ளை, பீரோவுக்கா மூச்சு முட்டுது?" என்றேன். "சும்மா இருங்க மாமா"ன்னு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

மாத்திரை கை தவறி விழுந்தது. ஜன்னலோரம்வரை உருண்டு போய்த்தான் நின்றது. மாத்திரைகூட என்னை விட்டு ஓடுகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டின் கடைசி அறை என்னுடையது. ஜன்னலுக்கு வெளியே தோட்டம். தோட்டம் என்பது மரியாதைக்கு. கீழ்ச் சந்துவரை சறுக்குமரம் மாதிரி இறங்குகிற மண். இன்று அந்தச் சந்தில் ஒரு லாரி வந்து கனமான மரக்கட்டைகளாக இறக்கிவிட்டுப் போனது. எல்லாம் லேசான பச்சை நிறம், மருந்துக்கடை வாசனை.

கூடவே ஒரு தச்சர். வாயில் எப்போதும் ஒரு ஆணி. அதனால் பேச்சு மூக்கு வழியாகத்தான் வருகிறது. ஆணிவாயர் என்று பேர் வைத்துவிட்டேன்.

என்ன நடக்குது என்று மகளைக் கேட்டேன். சரிவில் மரச்சுவர் கட்டி, மண்ணை மட்டமாக்கி, பூச்செடி வைக்கப் போகிறார்களாம். ரோஜாவுக்கும் கள்ளிக்கும் வித்தியாசம் தெரியாத புருஷனை வைத்துக்கொண்டு பூச்செடி.

நானும் தலையாட்டினேன். ஆட்டுவதற்குத்தானே தலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தெரிந்துபோச்சு. சமையலறையில் மகள் போனில் பேசினாள், அவள் அண்ணனிடம், அதாவது என் மகனிடம். நான் தண்ணீர் குடிக்கப் போனவன் கதவோரமே நின்றுவிட்டேன். "அப்பாவைக் கொஞ்ச நாள் அங்க வச்சுக்கண்ணா. இங்க வேலை முடியட்டும். அவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிடாத."

கொஞ்ச நாளாம். அந்த வீடு ஏழாவது மாடி. போனமுறை போனபோது பகலில் ஆள் கிடையாது, நான் லிஃப்டோடு பேசிக்கொண்டிருந்தேன். கதவு மூடுகிறது என்று அதுவாவது பதில் சொல்லும்.

என் அறை எனக்கு வேணும். அவ்வளவுதான். யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? ஒரு பேசின் தண்ணி ஊத்தினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். இந்த ஆணிவாயர் வேலையில் எதுவும் நேராக இல்லை.

ஒன்று, குழி தோண்டி, ஜல்லி கொட்டி இடித்து, முதல் வரிசைக் கட்டையைப் பாதி மண்ணுக்குள் மறைக்கிறார். வாங்கின கட்டையை எதுக்குய்யா ஒளிச்சு வைக்கணும்? இன்னொன்று, வெட்டிய முனைக்கெல்லாம் தூரிகையால் மருந்து தடவுகிறார். புண்ணுக்குப் போடுகிற மாதிரி. இதெல்லாம் போகட்டும், சுவருக்குப் பின்னால் படுக்கவைக்க ஒரு பைப் வந்திருக்கிறது, அது முழுக்க ஓட்டை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்திச் சொன்னேன். "அப்படித்தான் கேட்டு வாங்கினேன் பெரியவரே" என்றது மூக்கு.

ஓட்டை பேசினைத் தூக்கிப் போடுகிற வீட்டில் ஓட்டை பைப்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். என்னை யாரும் நம்பச் சொல்லாதீர்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

அவசரமா எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணை மூடியிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே மாப்பிள்ளையும் ஆணிவாயரும் பேசினார்கள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

"கிழவனை எங்க புதைக்கிறது?"

"இந்த ஜன்னலுக்கு நேர் கீழதாங்க. வீட்டுப் பக்கம் தலை வச்சு. ஆழமாப் புதைச்சாத்தான் அசைய மாட்டான்."

"ஒரு கிழவன் போதுமா?"

"உங்க இடத்துக்கு ரெண்டு கிழவனாவது வேணும்."

நான் முட்டாள் இல்லை. மாப்பிள்ளை கரப்பான்பூச்சியையே காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். என்னைப் புதைக்க மாட்டார். ஆனால் மனசில் இல்லாததா வாயில் வரும்? ஏழாவது மாடிக்கு அனுப்புகிறதைத்தான் புதைக்கிறது என்கிறார்கள் போலிருக்கிறது. நல்ல வார்த்தைதான், பொருத்தமாத்தான் இருக்கு.

அதுசரி, இரண்டாவது கிழவன் யார்?

செப்டம்பர் 13, சனி

பக்கத்து வீட்டுக்காரர்தான், வேறு யார் இருக்கிறார்? என்னோடு சீட்டாடுகிறவர், என்னைவிட இரண்டு வயசு மூப்பு, காது மந்தம். விஷயத்தைக் காதில் கத்தினேன். அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "உன்னையச் சரி, என்னைய எதுக்கு?" என்றார். அப்புறம் என் மகள் கொடுத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆணிவாயரின் ரசமட்டம் இப்போது என் கட்டிலுக்கடியில், பேசின் இருந்த இடத்தில். அவர் சாப்பிடப் போனபோது ஜன்னல் வழியாகக் கைத்தடியின் வளைவால் கொக்கி போட்டு இழுத்தேன். மஞ்சள் பட்டை, நடுவில் கண்ணாடி, அதற்குள் ஒரு குமிழி. மட்டம் பார்க்க முடியாவிட்டால் சுவர் எழும்பாது. சுவர் எழும்பாவிட்டால் வேலை முடியாது. என்னையும் அனுப்ப முடியாது. பிழைக்கிற வழி எனக்கும் தெரியும்.

சாயங்காலம் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அந்த மனுஷன் ஒரு டியூபில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்து மட்டம் பார்க்கிறார். பாட்டு வேறு, மூக்கால்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் பொழுது போகாமல் ரசமட்டத்தை எடுத்து என் அறைத் தரையில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றது. ஜன்னலைக் கண்டு பயந்தவன் மாதிரி.

கள்ள ரசமட்டம்! இதை வைத்துத்தான் ஊரெல்லாம் சுவர் கட்டுகிறானா என்று சந்தோஷமாகிவிட்டது. திருப்பி வைத்தேன். அப்போதும் கதவுப் பக்கம். சட்டைக்குள் ஒளித்து ஹாலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். குமிழி நட்டநடுவில், நல்ல பிள்ளையாக. என் அறைக்குக் கொண்டு வந்தேன், திரும்பவும் ஓட்டம். மேஜை மேல், கட்டில் சட்டத்தில், எங்கே வைத்தாலும் அதே கதவுப் பக்கம்.

கருவி சரி. அறைதான் சாய்ந்திருக்கிறது.

மாத்திரை உருண்டது நினைவுக்கு வந்தது. குமிழி மேட்டுக்கு ஓடும், மாத்திரை பள்ளத்துக்கு; பள்ளம் ஜன்னல் பக்கம். டார்ச் எடுத்து பீரோவுக்குப் பின்னால் அடித்தேன். அந்தச் சுவரில் முன்பு தலைமுடி மாதிரி ஒரு கோடு இருந்தது, எனக்குத் தெரியும். இப்போது என் சுண்டுவிரல் போகிறது. அதன் வழியாக வெளிச்சம்கூடக் கொஞ்சம் தெரிகிறது.

கட்டிலில் உட்கார்ந்துட்டேன். இதைத்தான் மூடி வச்சாங்களா? இது தெரிஞ்சுமா என்னை இங்க படுக்க வச்சாங்க? இல்லை — படுக்க வைக்கக்கூடாதுன்னுதான் அங்க அனுப்பப் பார்த்தாங்களா? அப்ப ஏன் வாயத் திறந்து சொல்லல?

செப்டம்பர் 17, புதன்

ரசமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகச் சரிவுக்கு இறங்கினேன். மகள் "அப்பா, வழுக்கும்"னு பின்னாலேயே ஓடி வந்தாள். ஆணிவாயரிடம் நீட்டி, "இது என் கட்டிலுக்கடியில மேஞ்சுக்கிட்டிருந்துச்சு, தம்பி. உன்னோடதா பாரு" என்றேன். வாங்கி, மண்ணைத் துடைத்து, பையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். யாருய்யா அந்தக் கிழவன்?"

இன்றுதான் அவர் தன் வாயிலிருந்து ஆணியை எடுக்கிறதைப் பார்த்தேன். சிரிப்பதற்காக எடுத்தார். ஓரத்தில் கிடந்த ஒரு நீளக் கட்டையைக் காலால் தட்டினார். அதன் ஒரு முனையில் குறுக்குக்கட்டை வைத்து அறைந்திருந்தது.

"இவன்தாங்க. ஒரு முனையச் சுவரோட பூட்டிட்டு, மத்ததை மேட்டுக்குள்ள படுக்கப் போட்டு மூடிடுவோம். மேல இருக்கிற மண்ணு இவனை அமுக்கும், இவன் சுவரை இழுத்துப் பிடிப்பான். வெளிய ஆளே தெரியாது. எங்க ஆளுங்க கிழவன்னுதான் சொல்லுவோம்."

"ஏன் கிழவன்?"

"படுத்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டான்ல?"

இந்த ஆள்மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. நக்கல் தெரிந்தவன்.

அப்புறம் விரிசலைப் பற்றிக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார், மகள் மண்ணைப் பார்த்தாள். காய்ந்த மண் அவ்வளவாகத் தள்ளாதாம், தண்ணீர் குடித்த மண்தான் கனத்துத் தள்ளுமாம். அந்த ஓட்டைப் பைப்பே தண்ணீரை உறிஞ்சி வெளியே விடத்தானாம். என் ஜன்னலுக்குக் கீழே மட்டும் மண் எப்போதும் ஈரம், அங்கேதான் முதலில் இறங்கியிருக்கிறது. பேசின் என்று அவர் வாயில் வரவே இல்லை. என் மனசில் வந்துவிட்டது, தினமும் நான் வீசிய தண்ணீர்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? என்னாலதான் வீடு சாஞ்சுச்சுன்னு சாப்பிடாம உக்காந்திருப்பீங்க. இல்லேன்னா மண்வெட்டியத் தூக்கிட்டு இங்க இறங்குவீங்க. ரெண்டையும் என்னால பாக்க முடியாதுப்பா."

இரண்டும் நான் செய்யக்கூடியதுதான். "பூச்செடியாவது உண்மையா?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஏழாவது மாடி வேண்டாம், வேலை முடியும்வரை ஹால் சோபா போதும் என்று பேசி முடித்தேன். மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். ரொம்பச் சீக்கிரம் ஒத்துக்கொண்டார். அதில் ஏதாவது இருக்குமோ?

செப்டம்பர் 19, வெள்ளி

கிழவர்கள் இருவரும் அடக்கம். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தேன். குழிக்குள் நன்றாக எட்டிப் பார்த்து, மரம்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே டீயை வாங்கினார். ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தவன்மேல் முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். தனக்குத் தானே மண் போட்டுக்கொண்டு, அப்புறம் ஏறி வந்து டீ குடித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 20, சனி

சோபா முதுகைக் கடிக்கிறது.

செப்டம்பர் 27, சனி

சுவர் முடிந்தது. மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தே கட்டியிருக்கிறார். கோணல் என்றேன். நேராகக் கட்டினால் நாளைக்கு வெளியே சாயும், அதனால் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டேன் என்றார். விரிசலைப் பூசியாயிற்று. அறை நிமிருமா என்று கேட்டேன். சாய்ந்தது நிமிராது, இனிமேல் சாயாது என்றார். என் முதுகுக்கு டாக்டரும் அதையேதான் சொன்னார்.

ஜன்னலோரக் கட்டில் கால் இரண்டுக்கும் மீந்த கட்டையில் முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நான் என் அறைக்குத் திரும்பினேன்.

அவர் போன பிறகு பார்த்தால் ஜன்னல் கட்டையில் ரசமட்டம் கிடக்கிறது. மறந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அதை என் அறைத் தரையில் வைத்து, குமிழி நிற்கிற இடத்தில் கண்ணாடிமேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

நேற்று பிடித்த மழை, விடிந்தும் விடவில்லை. ஓட்டைப் பைப்பின் வாயிலிருந்து கீழ்ச் சந்துக்குக் கலங்கலாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் படுக்கையிலேயே கேட்டது. எழுந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி நான் போட்ட கோட்டில். நம்பாமல் மூன்று தடவை வைத்தேன். கோட்டிலேயே.

மாப்பிள்ளை குடையோடு போய்ச் சுவர் முழுக்கப் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"கிழவன் எப்படி?"

"அப்படியே இருக்கான், அசையல" என்று அவர் சொல்ல, அதே நேரத்தில் கட்டிலிலிருந்து நானும் சொன்னேன்.

"பசிக்குது."