‘இளம் வீரர்களுக்கு நல்ல துணை’

கார்வர்ஸ்பர்க், ஒஹாயோ
29 ஆகஸ்ட் 1986, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் டாரீனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவுக்கு இடது முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம், எனக்குத் தூக்கம் தவிர மற்றதெல்லாம் சுகம். ஆங்கரேஜில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குளிர் ஆரம்பிப்பதற்குள் காரின் ஹீட்டரைப் பழுது பார்த்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதலாமே தவிர, நீ செய்திருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, பத்தொன்பது நாளாக ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் ஆட்டம், பாதி நாள் பஸ்ஸிலேயே கழிந்தது, ஐம்பத்தெட்டு வயது முதுகு பஸ் சீட்டில் என்ன பாடு படும் என்று நர்ஸான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தால் சமையலறை முழுக்கத் தக்காளி. உன் அம்மா வேகவைத்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டே இருக்கிறாள். போன வருஷத்துப் பாட்டில்களே நிலவறையில் பாதி அப்படியே இருக்கின்றன என்றேன், அதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று பகலில் அவள் சர்ச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

லாயிட் பெட்டிஜானை உனக்கு நினைவிருக்கும். போன தடவை நீ வந்திருந்தபோது ஜூலை நாலாம் தேதி நம் வீட்டுக்கு வந்து, அம்மாவின் உருளைக்கிழங்கு சாலடை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே, அவன்தான். எங்கள் பேஸ்பால் அணியில் முதல் பேஸில் நிற்பவன், இடது கைக்காரன், வயது முப்பத்து மூன்று, பையன்கள் என்னை ஸ்கிப்பர் என்றும் அவனைப் பெருசு என்றும்தான் கூப்பிடுகிறார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நாள் மேலே, பெரிய லீகில், இருந்தான். பதினொரு முறை பேட் பிடித்து இரண்டு அடி அடித்தான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் நான் மேனேஜராக இருக்கிற இந்தக் கீழ் அணிக்கு வந்தவன், ஆறு வருஷமாக என்னிடமே இருக்கிறான். மேலே ஒருவன் காயம் பட்டால் எங்களிடமிருந்து ஒருவனை எடுத்துக்கொள்வார்கள், அப்படி எத்தனையோ பேரை நான் பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன், லாயிடை மட்டும் யாரும் கேட்டதில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஃபென்விக் ஃபோன் செய்தார். அணிகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர், என் வேலையும் அவர் கையில்தான். மேலே முதல் பேஸ்காரன் மணிக்கட்டை முறித்துக்கொண்டானாம், அணி முதலிடத்துக்கு இரண்டு ஆட்டம்தான் பின்தங்கியிருக்கிறது, இன்னும் ஐந்து வாரம் பாக்கி. நாளை மதியத்துக்குள் ஒரே ஒரு பெயர் சொல் என்றார்.

என்னிடம் முதல் பேஸுக்கு இரண்டு பேர். ஒருவன் லாயிட். இன்னொருவன் ரிக்கார்டோ சாண்டோவல், இருபத்திரண்டு வயது, இந்த வருஷம் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி இருபத்து நாலு ஹோம் ரன், நல்ல பிள்ளை, அவன் பெயர்தான் பத்திரிகைகளில் அடிபடுகிறது. பார்க்கிற எவனும் ரிக்கார்டோ என்றுதான் சொல்வான். ஆனால் டாரீன், மேலே இப்போது வேண்டியது தினம் ஆடுகிற ஆள் இல்லை. தினம் ஆடுவதற்கு அவர்கள் மூன்றாம் பேஸ்காரனை முதல் பேஸுக்கு மாற்றிவிட்டார்கள். வேண்டியது, மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, எட்டாவது இன்னிங்ஸில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், ஒரே ஒரு தடவை எழுந்து போய் அடித்துவிட்டு வருகிற ஆள். இருபத்திரண்டு வயதுக்காரனை அப்படி ஐந்து வாரம் உட்காரவைத்தால் கை துருப்பிடித்துப் போகும், மனசும் கெட்டுப்போகும். உட்கார்ந்தே சூடாக இருப்பது ஒரு வித்தை, அது அடிபட்டுப் பழகியவனுக்குத்தான் வரும். அதோடு லாயிட் இந்த வருஷம் மாறியிருக்கிறான். கீழே கிடக்கிற வயசாளிகள் எல்லோருமே ஏதாவது ஒரு வருஷம் நன்றாக ஆடுவார்கள், பச்சைப் பிள்ளைகள் வீசுகிற பந்தை அடித்துக் கணக்கை ஏற்றிக்கொள்வார்கள், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, மேலேயிருந்து இறங்கி வந்த, பந்து வீசும் பிட்சர்களை இவன் என்ன செய்கிறான் என்பது. அவர்களுக்கு எதிராக இவன் ஆடியது முப்பத்தெட்டு முறை, அடித்தது பதினாலு. முன்பெல்லாம் காலடியில் வளைந்து விழுகிற பந்துக்கு மண்டியிட்டுப் போய்ச் சுழற்றுவான், இப்போது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறான். ஹோம் ரன் ஆசையை விட்டுவிட்டான், வெளியே வருகிற பந்தை இடது பக்கம் தட்டிவிட்டு ஓடுகிறான். இது அதிர்ஷ்டமில்லை. இது வேறு ஆட்டக்காரன்.

பரிதாபத்தில் சொல்கிறேனா என்று என்னையே நான் சந்தேகப்பட்டேன். எழுபத்தொன்பதில், லாயிட் என்னிடம் வருவதற்கு முன்னால், அப்படி ஒருவனை அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். இத்தனை வருஷம் உழைத்தானே, போகட்டும் ஒரு தடவை என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன், அவன் ஏழு முறை வரிசையாகப் பந்தைத் தொடாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆகி, சொந்த ஊர்க் கூட்டமே கூச்சல் போட, ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போனான். நன்றிக்காகக் கொடுக்கிற வாய்ப்பு வாங்குகிறவனைத்தான் கொல்லும். அதனால் செவ்வாய் முழுக்க யோசித்தேன். என் நன்றியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் லாயிட்தான் மிஞ்சினான்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஃபோன் செய்து பெயரைச் சொன்னேன், காரணங்களையும் சொன்னேன். ஃபென்விக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு காகிதம் புரட்டுகிற சத்தம். மாதம் தவறாமல் நாங்கள் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு படிவம் நிரப்பி அனுப்புவோம், கை, கால், கண், பேட் எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிட்டுக் கடைசியில் குறிப்பு என்று ஒரு வரி. லாயிடின் படிவங்களை எடுத்துவைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை மட்டும் ஒவ்வொன்றாக எனக்கே படித்துக் காட்டினார். இளம் வீரர்களுக்கு நல்ல துணை. இளம் வீரர்களுக்கு நல்ல துணை. இங்கே இருப்பது அணிக்கு நல்லது. இளம் வீரர்களுக்கு நல்ல துணை. ஆறு வருஷம், முப்பதுக்கு மேல் படிவம், எல்லாம் என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை அவன் பெயர் மேலே பேச்சில் வந்ததாம், இந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்களாம். அது எனக்குத் தெரியவே தெரியாது.

பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று உனக்கு எழுதலாம், ஆனால் அது பாதி உண்மை. அவன் இருந்தால் எனக்கு வேலை குறைவு. அழுகிற பையனைத் தேற்றுவான், குடிக்கிற பையனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போவான், இங்கிலீஷ் வராத பையனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பான், நான் நிம்மதியாகப் படுப்பேன். அதை ஃபென்விக்கிடம் சொன்னேன், என் சௌகரியத்துக்காக எழுதியது ஐயா, அதை அடித்துவிட்டு இன்றைக்கு நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் சத்தம் போடாமல் கேட்டார், “ஆறு வருஷமா சௌகரியத்துக்கு எழுதினேங்கிற. இன்னைக்குச் சொல்றது எதுக்குன்னு நான் எப்படி நம்பறது?” சாண்டோவலை அனுப்பு என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் உடை மாற்றும் அறை எப்படி இருக்கும் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். என் அறைக் கதவு திறந்தால் இருபத்து நாலு பேரும் ஷூ லேஸைக் குனிந்து பார்ப்பார்கள், காது மட்டும் கதவில் இருக்கும். நான் சாண்டோவல் என்று கூப்பிட்டேன். அவன் எழுந்து வருகிற வழியில் லாயிட் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். பையன் விஷயத்தைக் கேட்டு அழுதான், அம்மாவுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்றான், செய்யச் சொன்னேன். தினம் ஆடவிடுவார்களா என்று கேட்டான், பெஞ்சில் உட்காரக் கற்றுக்கொள் என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது. அவன் போன பிறகு பார்த்தால் அவனுடைய பேட்களைப் பையில் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பது லாயிட். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னேன், எந்த வரி, எத்தனை தடவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது, எல்லாம். அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக்கொண்டே சொன்னான், “அந்த வரிய மொத வருஷமே உங்க மேசையில பாத்தேன், ஸ்கிப்பர். அப்ப பெருமையா இருந்துச்சு. ஜோஆனுக்கு ஃபோன் போட்டுப் படிச்சுக் காட்டுனேன்.” ஜோஆன் அவன் மனைவி.

இதை எழுதும்போது உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வார்டுக்குத் தலைமை நர்ஸ் பதவி உன்னைவிட நாலு வருஷம் சர்வீஸ் குறைந்தவளுக்குப் போனதையும், புதிதாக வருகிற பெண்களுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று உன் அதிகாரி சொன்னதையும், அது மனசுக்கு இதமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது எனக்கும் இதமாகத்தான் இருந்தது, உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது படித்தால் என் படிவத்தின் கடைசி வரி மாதிரியே இருக்கிறது. அந்த அம்மாள் கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை கண்ணு, நானும் கெட்டவன் இல்லை. நீ இருப்பதால் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள், அவ்வளவுதான். உன்னைப் பற்றி மேலே என்ன எழுதி அனுப்புகிறாள் என்று போய்க் கேள், காட்டச் சொல். கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நீ நினைப்பாய், அந்தக் குணம் என்னிடமிருந்துதான் வந்தது, அதை விட்டுத் தொலை.

லாயிட் என்னிடம் கேட்டது ஒன்றுதான், என்னை விட்டுவிடுங்கள் என்றான். ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேறு எந்த அணியும் அவனை எடுத்துக்கொள்ளலாம். ஃபென்விக்கை மறுபடி கூப்பிட்டேன். எங்கள் அணிக்குக் கோப்பை கிடைக்க இன்னும் ஒரு வார ஆட்டம் பாக்கி இருக்கிறது, சாண்டோவலும் போய் இவனும் போனால் முதல் பேஸில் நீயா நிற்கப் போகிறாய் என்று கேட்டார். நிற்கிறேன் என்றேன். சரி, கையெழுத்துப் போடுகிறேன், உன்னைப் பற்றி அக்டோபரில் பேசுவோம் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் அக்டோபரில் பேசுவோம் என்று சொன்னதில்லை, செப்டம்பரிலேயே அடுத்த வருஷ ஒப்பந்தக் காகிதம் வந்துவிடும். இதை உன் அம்மாவுக்கு எழுதிவிடாதே. தக்காளி முடியட்டும், நானே சொல்கிறேன்.

நேற்றுக் காலையிலிருந்து ஊர் ஊராக ஃபோன் செய்தேன். ஒன்பது பேர் வயதைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். பத்தாவது ஆள் ஹார்வி டோலன், என்னோடு முன்பு ஒரே அறையில் தங்கி ஆடியவன், இப்போது மேற்குக் கரையில் ஒரு பெரிய அணிக்குக் கோச், உன் வானொலியில் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதே அணி. இடது கையால் அடிக்க ஆள் இல்லாமல் தவிக்கிறார்களாம். முப்பத்தெட்டுக்குப் பதினாலு என்றதும் காதைக் கொடுத்தான். எல்லாம் கேட்டுவிட்டு, சின்னப் பசங்களோடு ஆள் எப்படி என்று கேட்டான். முப்பது படிவத்தில் எழுதிய வரி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, “மோசம் ஹார்வி. எரிஞ்சு எரிஞ்சு விழுவான். பந்தை அடிக்கிறத தவிர அவனால எந்தப் பிரயோஜனமும் இல்ல” என்றேன். ஹார்வி சிரித்தான். அப்படியானால் அனுப்பு, எங்களிடம் நல்லவர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள் என்றான்.

இன்று காலை ஏழு மணி விமானத்துக்கு லாயிடை நானே கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கை கொடுத்தான், என்னை மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேற்குக் கரை ஆட்டங்கள் முடிவதற்குள் எங்கள் ஊர்ப் பத்திரிகை அச்சாகிவிடும், அதற்கடுத்த நாள் வந்தாலும் எண்தான் வரும், ஆள் எப்படி நின்றான் என்பது வராது. உனக்கு அது சாயங்கால நேரம். டியூட்டி இல்லாத நாட்களில் வானொலியைத் திறந்து வைத்துக்கொள், எட்டாவது இன்னிங்ஸ் மட்டும் கேட்டால்கூடப் போதும். அடித்தானா, அவுட்டானா, அதெல்லாம் நீ மறந்துபோனாலும் பரவாயில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டார்களா என்பதை மட்டும் மறக்காமல் எழுது, வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், அம்மா பிரித்துப் படித்துவிடுவாள், மைதான விலாசத்துக்குப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள், ஹீட்டரைப் பார், உன் அதிகாரியிடம் போய்க் கேள். கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நீ எங்கே நின்றாலும் உன் முறை வரட்டும்.

அம்மாவின் முத்தங்களோடு,
உன் அப்பா
எம்மெட் ஹஸ்காம்ப்