யாரும் நன்றாக இல்லை என்று சொல்லாத ஊர்

செப்டம்பர் 3

வலைப்பூவில் மூன்றாவது பதிவு. பேருந்து நிலையத்தில் இறைச்சி வைத்த மரவள்ளி வடை விற்கும் பெண்ணைப் பற்றி. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏற்றிவிட்டேன்.

பெரிய உணவகங்களைப் பற்றி எழுதத் தலைநகரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் சான் ரமோனில் மதியம் எந்தச் சின்னக் கடைக்குப் போனால் நல்ல சோறும் கறுப்பு பீன்ஸும் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. சரி, நாமே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். 

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுட்டியைப் போட்டேன். "அருமை", "அற்புதம்", இதயம், கைதட்டல். என் கணவர் ஓல்மானின் தங்கை யோர்லேனி, "எங்க அண்ணி எழுத்தாளர் ஆயிட்டாங்க!" என்று போட்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். நான் சுட்டி போட்ட அதே நிமிடத்தில் முதல் "அருமை" வந்திருக்கிறது. அதற்குள் தலைப்பைக்கூடப் படித்திருக்க முடியாது.

செப்டம்பர் 7

ஓல்மானிடம் கேட்டேன். கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"படிச்சீங்களா?"

"நல்லா இருக்கு மரி."

"எது நல்லா இருக்கு?"

"எல்லாந்தான்."

ஊரில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். என் எழுத்தில் எது கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார்.

செப்டம்பர் 12

இன்று கடையில் ஒரு அம்மா ஆரஞ்சு நிறக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, "எனக்கு எடுப்பா இருக்கா?" என்றார். முகமே காணாமல் போயிருந்தது. "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதுதான் நம் ஆட்கள். யார் மனமும் கோணக்கூடாது. கல்யாணத்துக்குப் போகமாட்டோம் என்று தெரிந்தாலும் "கண்டிப்பா வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்போம். அழைத்தவருக்கும் அது தெரியும். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொன்னால்தான் தப்பு. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் ஒருத்தி எழுத ஆரம்பித்தால், எழுத வருகிறதா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

செப்டம்பர் 14

எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். நாளைய சுதந்திர தினத்துக்காகத் தெருவில் பிள்ளைகள் கையில் விளக்குகளோடு பாடிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 21

தோன்யா ஃபுளோரி அம்மாவின் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதி ஏற்றிவிட்டேன். நான்கே மேசை. அவர் செய்யும் சௌசௌ பொரியலைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி. சோளத்தை எல்லாரும் சௌசௌவோடு சேர்த்துப் போட்டு வேக வைப்பார்கள். அவர் அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில்தான் போடுகிறார். அதனால் கடிக்கும்போது சோளம் தனியாகத் தெரிகிறது. இதையெல்லாம் எழுதலாமா, சிரிப்பார்களா என்று யோசித்து, கடைசியில் இருக்கட்டும் என்று விட்டேன்.

கடைக்கு வழியும் எழுதினேன்: வெனேகாஸ் மரமில்லிலிருந்து தெற்கே ஒரு தெரு, மேற்கே அரைத் தெரு.

செப்டம்பர் 28

யோர்லேனி வீட்டில் மதியக் காபி. வாழைப்பழக் கேக் செய்திருந்தாள். மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"போன பதிவுல உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"

"எல்லாமே அண்ணி! அழுதுட்டேன். அதுவும் அந்த மீன் பத்தி எழுதியிருந்தீங்களே, அடடா!"

நான் இதுவரை மீனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. பொய் சொன்னதற்காக அவள்மேல் கோபமில்லை. அந்த நூறு "அருமை"யும் இல்லாத அந்த மீன் பதிவுக்கு வந்த அருமைதானே?

அக்டோபர் 6

வலைப்பூவில் முன்பின் தெரியாத ஒருவரின் பின்னூட்டம். எவெலியோ என்று பெயர், கார்த்தாகோவைச் சேர்ந்தவர். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"அம்மா, நீங்க போட்ட வழிய நம்பி ரெண்டு பஸ் மாறி சான் ரமோன் வந்தேன். வெனேகாஸ் மரமில் எங்கன்னு கேட்டா ஒரு பொண்ணு என்னை மேலும் கீழும் பாக்குது. அந்த மில்லை இடிச்சு எத்தனையோ வருஷமாச்சாமே! இல்லாத மில்லுலேர்ந்து தெற்கே எப்படிப் போறது? கொட்டுற மழையில சுத்திச் சுத்தி, ஷூ பிஞ்சு, கடைசியில பஸ் ஸ்டாண்டுல ஒரு பன்னைத் தின்னுட்டுத் திரும்பினேன். பொறுப்பா எழுத முடியலைன்னா எதுக்கு எழுதறீங்க?"

காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. மில்லை இடித்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே வங்கிக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். ஆனாலும் ஊரே இன்னும் மில்லிலிருந்துதான் வழி சொல்கிறது. மருத்துவமனைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, என் வீட்டுக்கும் அப்படித்தான். மில் இல்லை என்பதே எழுதும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. வெளியூர்க்காரன் படிப்பான் என்றும் தோன்றவில்லை. யாராவது படிப்பார்கள் என்றே தோன்றவில்லை, அதுதான் உண்மை.

பாவம், ஷூ வேறு பிய்ந்துவிட்டது. எதுக்கு எழுதறீங்க — அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 7

ஓல்மானிடம் சொன்னேன். "கார்த்தாகோக்காரனுக்கு வழி கேக்கத் தெரியலைன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவ? வந்து சாப்பிடு" என்றார்.

வலைப்பூவை மூடிவிடுவது என்று முடிவு. நாளை.

அக்டோபர் 8

மூடுவதற்கு முன் அந்தப் பின்னூட்டத்தை இன்னொரு முறை பார்த்தேன். புண்ணைச் சொறிகிற மாதிரி ஒரு ஆசை. அன்று ஆத்திரத்தில் பாதியோடு நிறுத்தியிருக்கிறேன். கீழே இன்னும் இருந்தது:

"சோளத்தைக் கடைசியில போடுறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அது எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்னு ஒரு வாரமா நாக்கு அலைஞ்சுது. என் சம்சாரம்கூட அப்படிச் செஞ்சதில்ல. அதுக்குத்தான் வந்தேன். வயித்தெரிச்சலா இருக்கு."

நான்கைந்து தடவை படித்தேன். சோளத்தைப் பற்றிய வரி பதிவின் அடியில் இருக்கிறது. அதுவரை இந்த மனிதர் படித்திருக்கிறார். படித்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு திட்டியதில்லை, எனக்கு இவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடைக் கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையே வழியைத் திருத்தினேன். வங்கிக் கார் நிறுத்துமிடத்துக்குப் பின் தெரு, பச்சைக் கதவு. எவெலியோவிடம் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். மூடுவது பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அக்டோபர் 10

எவெலியோவின் பதில்: "மழைக்காலம் போகட்டும். வர்றேன்." கண்டிப்பாக வருகிறேன் என்று எழுதவில்லை. அதனால் வருவார்.

நவம்பர் 2

மாதத்தில் இரண்டு பதிவு. படிக்கிறவர்கள் குறைவு. ஆனால் எழுதும்போது இப்போது ஒரு ஆள் மழையில் நிற்கிறார். அவருக்குப் புரிகிறதா என்று பார்த்து எழுதுகிறேன். "அருமையான சுவை", "அற்புதமான மணம்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டால் சில பதிவுகளில் ஒன்றுமே மிஞ்சவில்லை!

டிசம்பர் 14

யோர்லேனி வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. ஐஸ் எடுத்துவரச் சொன்னார்கள். பின்கட்டில் இருக்கும் பெரிய உறைபெட்டியைத் திறந்தேன். அடியில், பனி மூடி, இரண்டிரண்டாகக் கட்டிய தமால்கள். நீல நூல். ஊரில் எல்லாரும் வெள்ளை நூலில் கட்டுவார்கள், நான் மட்டும்தான் நீலம். போன கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்தவை. அதற்கு முந்தைய வருடத்தவையும் இருக்கலாம். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

ஒவ்வொரு டிசம்பரும் ராத்திரி பகலாகச் சோளமாவு பிசைந்து, பன்றி இறைச்சி வைத்து, வாழையிலையில் மடித்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேனே! "அண்ணி கை பட்டாலே தனி ருசி" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

ஐஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கேக் பிரமாதம் என்று சொன்னேன். நல்லவேளை, முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

டிசம்பர் 15

பக்கத்து வீட்டிலும் அப்படித்தானோ? எல்லா வீட்டிலுமா? ஊர் முழுக்க உறைபெட்டிகளில் என் நீல நூலா? அய்யோ.

டிசம்பர் 17

எழுதிவிட்டேன். உறைபெட்டியை, நூலை, நான் கேக்கைப் புகழ்ந்ததை, கடையில் விற்ற ஆரஞ்சு சட்டத்தை. யார் பெயரும் போடவில்லை, "என் நாத்தனார்" என்று மட்டும். எனக்கு ஒரே ஒரு நாத்தனார்தான்.

ஏற்றலாமா? குடும்பம் உடைந்துவிடுமா?  ஆனால் இதுவரை எழுதியதில் இது ஒன்றைப் படிக்கும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது.

ஏற்றிவிட்டேன்.

டிசம்பர் 18

குழுவில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு இதயம் கிடையாது. இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் 19

யோர்லேனி போன் செய்தாள். "ஹலோ"கூட இல்லை.

"என் பிரிட்ஜை ஊருக்கே திறந்து காட்டிட்டீங்களே அண்ணி! 'பனிக்கு அடியில் என் நீல நூல் என்னைப் பார்த்துச் சிரித்தது'ன்னு எழுதியிருக்கீங்க! நூல் சிரிக்குமா? 'ஐஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கேக்கைப் புகழ்ந்தேன்'னு வேற! அப்ப என் கேக்கும் நல்லா இல்லையா? சொல்லுங்க!"

"கொஞ்சம் வறண்டுதான் இருந்துச்சு" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

 அவ்வளவுதான், வெடித்தாள். "உங்க மாவுல கொழுப்பே கிடையாது அண்ணி! கல்லு மாதிரி இருக்கு! உங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு நெனைக்கிறேன். தூக்கிப் போடவும் மனசு வரல, நீங்க ராப்பகலா கஷ்டப்பட்டுச் செஞ்சது. அதான் உள்ளயே வச்சிருக்கேன்!" போனை வைத்துவிட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டியது எதுவும் முதலில் ஏறவில்லை. என் வரிகளை மனப்பாடமாகச் சொன்னாள் என்பதுதான் காதில் நின்றது. தூக்கிப் போட மனசு வரவில்லை என்றது அப்புறம்தான் உறைத்தது. அப்போது அழுதேன்.

டிசம்பர் 21

முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். லிபேரியா ஊரில் ஒருத்தி வீட்டில் மாமியாரின் தமால்கள் மூன்று வருடமாக இருக்கின்றனவாம். லிமோனில் ஒருவர் தனக்கு வருபவற்றை நாய்க்குப் போட, நாயும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டதாம். எவெலியோ ஒரு வரி: "இது உங்க சௌசௌவை விட நல்லா இருக்கு. நூல் சிரிச்சதுங்கற இடம் மட்டும் வேண்டாம்."

யோர்லேனியும் அதைத்தான் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 23

யோர்லேனி வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு டப்பா பன்றிக் கொழுப்பு. உள்ளே வந்து, தமாலுக்கு நான் எடுத்து வைத்திருந்த மாவில் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். "இதையும் எழுதிடாதீங்க" என்றாள். "எழுதுவேன்" என்றேன். "தெரியும்" என்றாள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் ஓல்மான். "அண்ணா, நீ படிச்சியா இல்லையா?" என்று தங்கை கேட்க, பழக்கதோஷத்தில் "நல்லா இருந்துச்சு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்த்த பார்வையில், மனிதர் பழுது பார்க்கும் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜனவரி 11

எவெலியோ வந்தார். பச்சைக் கதவைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு தட்டு சாப்பிட்டாராம், தோன்யா ஃபுளோரி சொன்னார். அந்த அம்மாவுக்கு என் வலைப்பூ விஷயம் இன்றுதான் தெரியும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஜனவரி 19

ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் மாட்டெலும்புச் சாறு விற்கும் சகோதரர்களைப் பற்றி எழுதியதை அச்செடுத்துச் சமையலறை மேசையில் வைத்திருந்தேன். காபி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஓல்மான் அதை எடுத்துக் கையில் வைத்திருக்கிறார். நான் கொடுக்கவில்லை. தொலைக்காட்சி அணைந்திருந்தது.

மெதுவாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். காபி ஆறிப்போனது.

"மரி, இந்தச் சந்தை கட்டின கதையெல்லாம் இங்க எதுக்கு? போரடிக்குது. நான் அதத் தாண்டிக் குதிச்சுப் போயிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பத்திக்காக நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தேன்! பாத்திரங்களை உருட்டினேன். அவர் வெளியே போகவில்லை. முதல் பக்கத்தை மறுபடி எடுத்து, முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

கையைத் துடைத்துவிட்டு வந்து அந்தப் பத்தியைப் படித்துப் பார்த்தேன். போரடிக்கத்தான் செய்கிறது.

இத்தனை வருட வாழ்க்கையில் இவர் என்னிடம் ஒன்றை நன்றாக இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேற எங்க?" என்றேன். விரலை வைத்துக் காட்டினார்.