வாத்து நடை

தம்பிக்கு,

டிவியில் உன் பேட்டியைப் பார்த்தோம். உன் அத்தானும் பக்கத்தில்தான் இருந்தார். உன்னைப் பெரிய நடிகனாக்கிய அந்த நொண்டி நடையை எங்கே பிடித்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். "ஒரு வாத்தைப் பாத்துக் கத்துக்கிட்டேம்மா" என்றாய். கூட்டமே சிரித்தது.

எனக்குப் படிப்புதான் மூன்றாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் நிற்கவில்லை. ஆலையில் கால் நசுங்கிய உன் அத்தான் பத்து நாள் எங்கள் கூடத்தில் உனக்காகச் சுவருக்குச் சுவர் நடந்து காட்டினார். போர்வீரன் வேஷம் என்று சொல்லியிருந்தாய். "இடது பாதம் இன்னும் வெளியே திரும்பணும் மாப்ளே, அப்பத்தான் நிஜமா இருக்கும்" என்று உன்னைத் திருத்தினார். வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுத்தது நான்.

படம் வந்த அன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். திரையில் போர்வீரன் இல்லை, கோழித் திருடன். நீ நடக்க நடக்கத் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. வெளியே வரும்போது ஒருவன், "டேய், கோழித் திருடன் மாதிரியே நடக்கிறாரு பாரு!" என்று கைதட்டினான். அதற்குப் பிறகு உன் அத்தான் என்னோடு தெருவில் சேர்ந்து நடந்ததே இல்லை.

பேட்டி முடிந்ததும், "என் பேரைச் சொல்லாம விட்டானே, நல்ல பிள்ளை" என்றார். நான் டிவியை அணைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பேத்தி கல்யாணத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வா. வாசலிலிருந்து அவர் நாற்காலி வரைக்கும் உன் சொந்த நடையில் நடந்து வா. அது மறந்துபோயிருந்தால் வராதே.

இப்படிக்கு,
வாத்தின் பெண்டாட்டி