சட்டைக்குள் வந்த ஓணான்கள்

தம்பிக்கு,

மலைப்பாதைப் பாலம் இடிந்த, உன் மூத்தவள் பிறந்த வருஷம் அது. உச்சியில் ஓணான் ஆராய்ச்சி செய்த டாக்டரம்மாவிடம் நாம் இருவரும் வேலை பார்த்தோம். கீழே பிடித்த ஓணான், மலையேறிக் குளிர்பட்டால் எவ்வளவு மந்தமாகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஐஸ் பெட்டியில் குளிரவைத்தவற்றைப் பையோடு கொண்டுவருவது நான். பலகையில் ஓடவிட்டுக் கடிகாரம் பிடிப்பது நீ.

தசை இறுகி ஊர்ந்து போக வேண்டியவை ஒருநாள் பறந்து ஓடின.

"கடிகாரத்த ஒழுங்கா அமுக்குறியா இல்லையா?" என்று டாக்டரம்மா உன்னிடம் கத்தினார்.

"சத்தியமா சரியாத்தாம்மா அமுக்குறேன்!"

"இவன் கை, ஏத்தத்துல நிக்கிற நம்ம வண்டி மாதிரிம்மா, லேட்டாத்தான் கிளம்பும்," என்று அவருடைய டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளே உன்னை அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் நின்றாய்.

நான் சிரித்ததற்காகத்தான் நீ இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதற்கும் மேலே, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அவை விறைத்துக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், பெட்டியிலிருந்து பலகைக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பைகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வந்தவன் நான். அந்தச் சூட்டில்தான் அவை ஓடின. சொன்னால் என் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். பதினேழு வருஷம் அங்கேயே சோறு தின்றேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "எழுதும்மா," என்கிறேன்.

டாக்டரம்மா போய்விட்டார். போன மாதம் டிரைவரும் போய்விட்டார். உன்மேல் தப்பில்லை என்று சாட்சி சொல்ல, அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒருவன்தான்,

உன் அண்ணன்.